கையாட்டும் பூனையும் நெருப்புக் குதிரையும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஜப்பான் தேசத்து அதிர்ஷ்டச் சின்னங்களைப் பற்றியதாகும். "உள்ளூர்ச் சங்கதியெல்லாம் தீர்ந்துபோய்விட்டதா, இவன் கடல் தாண்டிப் போய்விட்டானே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உள்ளூர்ச் சங்கதி தீரவில்லை. அது இலேசில் தீரக்கூடியதுமல்ல. ஆனாலும் நான் அங்கே போக நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் தம் கல்லாப்பெட்டியின் மேல் ஒரு பூனைப் பொம்மையை வைத்திருக்கிறார். அது ஓயாமல் ஒரு கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. "இது எதற்கு?" என்று கேட்டேன். "இது ஜப்பான் பூனை, வியாபாரத்தைக் கூப்பிடுகிறது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் தாயத்துக் கட்டினால் பழிக்கிறீர்கள், சகுனம் பார்த்தால் பழிக்கிறீர்கள். உலகத்துக்கெல்லாம் மோட்டார் செய்து விற்கிற ஜப்பான்காரனே தாயத்து வைத்திருக்கிறானே, அவன் முட்டாளா?" என்று கேட்டார்.

தோழர்களே! கேள்வி நியாயமான கேள்விதான். ஆகவே அதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துவிட்டு உங்கள் முன் வந்திருக்கிறேன். நான் சொல்லுவதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பூனையையே எடுத்துக்கொள்ளுவோம். அதற்கு அங்கே 'மனெகி நெக்கோ' என்று பெயர். அதாவது 'அழைக்கும் பூனை'. வலது கையைத் தூக்கியிருந்தால் பணத்தை அழைக்கிறதாம். இடது கையைத் தூக்கியிருந்தால் ஆட்களை அழைக்கிறதாம். "அப்படியானால் இரண்டு கையையும் தூக்கிவிட்டால் இரண்டும் வருமே" என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படியும் பூனை செய்து விற்கிறார்கள். ஆனால் அதைச் சில ஜப்பானியர் விரும்புவதில்லை. ஏனென்றால் அவர்கள் பேச்சில் இரண்டு கையையும் தூக்குவது என்றால், நாம் 'கையை விரித்துவிட்டான்' என்கிறோமே, அந்த அர்த்தம்!

இந்தப் பூனை பிறந்த இடம் எது என்பதிலும் போட்டி இருக்கிறது. டோக்கியோ நகரத்தில் கோதோகுஜி என்ற பௌத்தக் கோயில், "எங்கள் கோயில் பூனைதான் கையசைத்து, ஈ நவோத்தக என்ற பிரபுவை இடி விழுவதிலிருந்து காப்பாற்றியது" என்கிறது. அதே நகரத்தில் இமாதோ என்ற ஷிண்டோ கோயிலோ, "ஏழைக் கிழவி ஒருத்தியின் கனவில் அவள் பூனை வந்து, தன் உருவத்தை மண்ணில் செய்து விற்கச் சொன்னது எங்கள் இடத்தில்தான்" என்கிறது. ஒரு பூனைக்கு இரண்டு ஸ்தல புராணம்!

இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் ஒருவரைக் கூப்பிடுகிறவர்கள், நம்மைப்போலவே, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அசைப்பார்கள். அமெரிக்காவில் அப்படி அசைத்தால் 'போய் வா' என்று அர்த்தமாகிவிடும். ஆதலால் அமெரிக்கர்களுக்காகச் செய்யும் பூனைகளில் சிலவற்றுக்குக் கையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். கையைத் திருப்பியது தெய்வ சக்தியா, வியாபாரியின் புத்தியா? எதிரும் புதிருமாக இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு பூனை வைத்திருந்தால், தெருவில் போகிறவன் எந்தக் கடைக்குப் போவான்? எங்கே சாமான் நயமாகவும் விலை சரசமாகவும் இருக்கிறதோ அங்கேதான் போவான். பூனை இல்லாதபோதும் அவன் அப்படித்தான் போனான்.

அடுத்தபடியாக, இந்தச் சின்னங்களுக்கு அர்த்தம் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். ஜப்பானியர் பணப்பையில் சின்னத் தவளைப் பொம்மை ஒன்றைப் போட்டு வைப்பதுண்டு. தவளைக்கு அவர்கள் பாஷையில் 'கயெரு' என்று பெயர். திரும்பி வருவதற்கும் 'கயெரு' என்றே பெயர். ஆகவே செலவழித்த பணம் திரும்பி வருமாம். கோயிலில் 5 யென் நாணயம் போடுவார்கள். ஐந்து யென்னுக்கு 'கோ என்' என்று பெயர். நல்ல தொடர்பு, உறவு என்பதற்கும் அதே ஓசை. விசேஷ நாட்களில் 'தை' என்ற மீனை வைப்பார்கள். மங்களம் என்பதற்கு அவர்கள் வார்த்தை 'மெதெதை'. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் 'கத்ஸு' என்ற இறைச்சி வறுவலைச் சோற்றில் வைத்துக் கொடுப்பார்கள். ஏனென்றால் ஜெயிப்பது என்பதற்கும் 'கத்ஸு' என்று பெயர். அந்த வறுவலின் பெயரோ கட்லெட் என்ற இங்கிலீஷ் வார்த்தையின் குறுக்கல்!

இதற்கு நேர்மாறாக, நாலு என்பதற்கு 'ஷி' என்று ஓர் உச்சரிப்பு, சாவுக்கும் 'ஷி'. ஒன்பதுக்குக் 'கு', துன்பத்துக்கும் 'கு'. இதனால் பல ஆஸ்பத்திரிகளில் நாலாம் நம்பர் அறையே கிடையாது. நாலாவது அறை அங்கே இல்லாமலில்லை, தோழர்களே! மூன்றுக்கு அடுத்த அறைக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எமனுக்கு நம்பர் மட்டும்தான் படிக்கத் தெரியும், எண்ணத் தெரியாது என்று நினைத்தார்கள் போலும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். இவையெல்லாம் வெறும் சொல் விளையாட்டு. நம் பாஷையில் தவளை தவளைதான். அது பணத்தைத் திருப்பிக் கொண்டுவராது. நம்மிடையே 'நாலும் தெரிந்தவர்' என்றால் அறிவாளி. நெருப்பு ஜப்பானிலும் சுடும், இங்கேயும் சுடும். உண்மையான சக்தி ஒன்று இருந்தால் அது எல்லா ஊரிலும் வேலை செய்ய வேண்டும். ஒரு சக்தி பாஷை மாறினவுடன் செத்துப்போகிறது என்றால், அது அந்தப் பொருளில் இல்லை, பேசுகிறவன் வாயில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"இதெல்லாம் அவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நமக்கும் சம்பந்தம் உண்டு. ஜப்பானில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. புது வருஷத்தில் அவை ஒரு கப்பலில் ஏறி வருவதாகப் படம் எழுதி வைப்பார்கள். அந்த ஏழில் மூன்று இந்தியாவிலிருந்து போன சரக்கு! பென்ஸைதென் என்பவள் நம் ஊர்ச் சரஸ்வதி. பிஷமோன்தென் என்பது வைசிரவணன், அதாவது குபேரன். தைகொக்குதென் என்பது மகாகாளன்.

போன இடத்தில் இவர்கள் கதி என்னவாயிற்று? 'ஸை' என்ற ஓசைக்குத் திறமை என்றும் அர்த்தம், செல்வம் என்றும் அர்த்தம். திறமைக்குரிய எழுத்தை எடுத்துவிட்டுச் செல்வத்துக்குரிய எழுத்தைப் போட்டு எழுதினார்கள். உடனே கல்வித் தெய்வம் பணத் தெய்வமாகிவிட்டது! காமகுராவில் இவளுடைய கோயில் ஒன்றில் ஜனங்கள் பண நோட்டையும் காசையும் ஊற்று நீரில் கழுவுகிறார்கள். கழுவிய பணம் பெருகுமாம். மகாகாளன் இங்கே சுடுகாட்டுப் பயங்கர உருவம். அவன் பெயரின் சீன மொழிபெயர்ப்பு, ஜப்பானியர் தங்கள் பழைய தெய்வம் ஒன்றுக்கு எழுதும் பெயரோடு ஒரே ஓசையாய் இருந்ததால் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இப்போது அவன் அரிசி மூட்டையின் மேல் நின்று சிரிக்கும் தொந்திக்காரன். எழுத்தாணியைச் சற்றுத் திருப்பினால் கடவுளின் உத்தியோகமே மாறிவிடும் என்றால், கடவுளை உண்டாக்குகிறவன் யார்?

நம் பக்கத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் இன்னொருவரும் உண்டு. அவர்தான் போதிதர்மர். தென்னிந்திய ராஜா ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீன நூல்கள் சொல்லுகின்றன. காஞ்சிபுரம் என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்ளுகிறார்கள். கோயில்கள் கட்டினேன், எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று சீனச் சக்கரவர்த்தி கேட்டபோது, ஒரு புண்ணியமும் இல்லை என்று முகத்துக்கெதிரே சொன்னவர் என்பது அவரைப் பற்றிய கதை. அப்பேர்ப்பட்டவரை ஜப்பானியர் என்ன செய்தார்கள்? கையும் காலும் இல்லாத சிவப்பு உருண்டைப் பொம்மையாக்கி, 'தருமா' என்று பெயரிட்டு, அதிர்ஷ்டத்துக்கு வைத்துவிட்டார்கள். வாங்கும்போது பொம்மைக்குக் கண் இருக்காது. வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை எழுதுவார்கள். காரியம் முடிந்தால் மற்றக் கண்ணையும் எழுதுவார்கள். தேர்தலில் ஜெயித்த அபேட்சகர் எல்லோர் முன்னிலையிலும் இந்தக் கண்ணை எழுதுவது அங்கே வழக்கம். தோற்றவர்கள் வீட்டிலும் பொம்மை இருந்தது. அது ஒற்றைக்கண்ணாய்க் கிடக்கிறது. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி தகஸகி என்ற ஊரில் செய்யப்படுகின்றன. 1783-ம் வருஷத்தில் பக்கத்திலுள்ள அஸம என்ற எரிமலை வெடித்தது; பஞ்சம் வந்தது. அப்போது அவ்வூர்க் கோயில் குரு ஒருவர், விளைச்சலிழந்த குடியானவர்கள் பிழைப்பதற்காக மர அச்சுச் செய்து, காகிதத்தால் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார் என்று அவ்வூரார் சொல்லுகிறார்கள். அப்படியானால் அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டது எது? பொம்மையின் சக்தியா? கற்ற கைத்தொழிலா?

பொம்மை ஏன் சிவப்பு? அக்காலத்தில் அம்மை நோயை ஒரு தேவதை என்று நினைத்தார்கள். அதற்குச் சிவப்பு ஆகாது என்று எண்ணிக் குழந்தைகளைச் சுற்றிச் சிவப்புப் பொம்மைகளை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வைத்தும் குழந்தைகள் செத்துக்கொண்டேயிருந்தன. 1849-ல் நாகசாகி துறைமுகத்துக்கு அம்மைப்பால் வந்து சேர்ந்தது. டாக்டர்கள் ஊர் ஊராய் அம்மை குத்தினார்கள். 1980-ல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. சிவப்புக்குப் பயப்படாத அந்தத் தேவதை ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டாள்!

இனித் தாயத்து வியாபாரத்துக்கு வருவோம். 'ஒமமொரி' என்பது ஜரிகைத் துணியில் தைத்த சிறு பை. உள்ளே மந்திரச் சீட்டோ சிறு பலகையோ இருக்கும். பரீட்சையில் தேற ஒன்று, சுகப்பிரசவத்துக்கு ஒன்று, வண்டி விபத்து வராமலிருக்க ஒன்று, கலியாணம் கூடிவர ஒன்று. பையைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் சக்தி போய்விடுமாம். ஒரு வருஷமானால் சக்தி தீர்ந்துவிடும், பழையதைக் கோயிலில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும், பழையதை எரித்துவிடுவார்கள். இதில் 'விற்பது', 'வாங்குவது' என்ற வார்த்தைகளைச் சொல்லுவதில்லை. 'அருளுவது', 'பெறுவது' என்றுதான் சொல்ல வேண்டும். காசு மட்டும் காசாகவே கொடுக்க வேண்டும்! உள்ளே பார்க்கக்கூடாது, வருஷா வருஷம் மாற்ற வேண்டும் என்ற இரண்டு சட்டமும் யாருக்கு லாபமான சட்டம் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறிச் சீட்டும் இப்படித்தான். டோக்கியோ அஸகுஸாவிலுள்ள சென்ஸோஜி கோயிலில் 100 சீட்டில் 30 சீட்டு கெட்ட சீட்டு. கெட்டது வந்தால் அதை அங்கே ஒரு கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். கெடுதல் அங்கேயே நின்றுவிடுமாம். நல்ல சீட்டைக் கட்டிவிட்டு வந்தால் நல்லது நின்றுவிடுமா என்று யாரும் கேட்பதில்லை. நாட்டிலுள்ள கோயில்களுக்கு இந்தச் சீட்டுகளில் பெரும்பங்கை அச்சிட்டு அனுப்புவது யமகுச்சி மாகாணத்தில் உள்ள ஒரே அச்சுக்கூடம். இத்தனை பேருடைய தலையெழுத்தும் ஓர் அச்சுக்கூடத்தில் தயாராகிறது!

தோழர்களே! இதுவரையில் சொன்னவற்றைக் கேட்டுச் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். "காசு கொஞ்சம் போனால் போகிறது, மனத்துக்கு ஆறுதல்" என்று சிலர் சொல்லலாம். ஆனால் இந்தப் புத்தி பணப்பையோடு நிற்பதில்லை. அது உயிரைத் தொடுகிறது. இனி நான் சொல்லும் இரண்டும் சிரிக்கிற விஷயமல்ல.

ஒன்று, 'சென்னின்பரி', அதாவது ஆயிரம் பேர் தையல். ருஷியாவோடு 1904-ல் நடந்த சண்டைக் காலத்தில் தொடங்கி, 1937-ல் சீனச் சண்டை ஆரம்பித்தபின் எங்கும் பரவியது. பட்டாளத்துக்குப் போகிற மகனுக்காகத் தாய், ஒரு துணிப்பட்டையை ஏந்திக்கொண்டு தெருமுனையில் நிற்பாள். போகிற பெண்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு முடிச்சுப் போடும்படி கெஞ்சுவாள். ஆயிரம் முடிச்சு ஆனால் குண்டு துளைக்காதாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வரும் என்று சொல்லுவதால், புலி வருஷத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயதுக்குத் தக்கபடி பல முடிச்சுப் போடலாம். பட்டையில் 5 சென் நாணயம் ஒன்றையும் தைப்பார்கள். ஏனென்றால் நாலு சென் என்பதற்கு 'ஷிசென்'; சாவுக்கோடு என்பதற்கும் 'ஷிசென்'. ஐந்து நாலைத் தாண்டியது. ஆகவே மகன் சாவைத் தாண்டுவான்!

அந்தத் தாயைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். பெற்ற வயிற்றின் பதைப்பு அது. ஆனால் என்ன நடந்தது? 1945-ல் சண்டை முடிந்தபோது, இறந்தவர்கள் அந்நாட்டுச் சர்க்கார் கணக்குப்படி ஏறக்குறைய 31 லட்சம் பேர். அதில் பட்டாளத்தார் மட்டும் 23 லட்சம். எத்தனை இடுப்பில் ஆயிரம் முடிச்சு இருந்தது! முடிச்சுப் போட்ட ஆயிரம் பெண்களும் ஒன்றுகூடி, "எங்கள் பிள்ளைகளை ஏன் அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் அது ஒரு சக்தியாயிருந்திருக்கும். அந்தக் கேள்வி எழாதபடி அவர்கள் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்து வைத்தது எது? யோசியுங்கள்.

இரண்டாவது, நெருப்புக் குதிரை. நாம் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம் எண்ணுவதுபோல, அவர்களும் அறுபது வருஷச் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வருஷத்துக்கு 'ஹினோயெ உமா', அதாவது நெருப்புக் குதிரை வருஷம் என்று பெயர். அந்த வருஷத்தில் பிறந்த பெண் அடங்காப்பிடாரி, கணவனை விழுங்குவாள் என்பது நம்பிக்கை. காதலனைப் பார்ப்பதற்காகத் தீ வைத்தாள் என்று 1683-ல் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக்கடைக்காரர் மகள் அந்த வருஷத்தில் பிறந்தவள் என்ற கதை இதற்கு ஆதாரம். அதே வருஷத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஒரு தோஷமும் இல்லை. குதிரைக்குக்கூட ஆண் என்றால் சலுகை!

1906 அப்படிப்பட்ட வருஷம். பெண் பெற்ற பலர், பிறப்புக் கணக்கில் முந்தின வருஷம் என்றோ அடுத்த வருஷம் என்றோ மாற்றி எழுதினார்கள். குமாஸ்தாவின் பேனா மாற்றிவிடக்கூடிய விதி என்ன விதி? மாற்றாதவர்களின் மகள்கள் கலியாண வயதில் ஒதுக்கப்பட்டார்கள். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கணவனைக் கொல்லுவாள் என்று யாரைச் சொன்னார்களோ, அவளைத்தான் ஊரார் கொன்றார்கள்.

அறுபது வருஷம் கழித்து, 1966. இடையில் என்னென்ன வந்துவிட்டது! 1964-ல் டோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே உலகம் வியந்த அதிவேக ரயில் ஓடத்தொடங்கியது. தடம் புரண்டோ மோதியோ ஒரு பிரயாணியும் அதில் இறந்ததில்லை. அப்படிப்பட்ட தேசத்தில், ரயில் வந்து இரண்டு வருஷத்துக்குள் என்ன நடந்தது? 1965-ல் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்து 23 ஆயிரம். 1966-ல் 13 லட்சத்து 60 ஆயிரம். 1967-ல் 19 லட்சத்து 35 ஆயிரம். ஒரே வருஷத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் குறைவு! பஞ்சமா? கொள்ளைநோயா? ஒன்றுமில்லை. பெண் பிறந்துவிடுமோ என்ற பயம்! பெண் குழந்தை பிறந்து கெடுதல் வருவதைவிடப் பிறக்காமலிருப்பதே மேல் என்று ஒரு தேசமே நடுங்கியது.

அந்த 1966-ல் பிறந்தவர்தான் கிகோ என்ற பெண்மணி. அவரை 1990-ல் அந்நாட்டு இளவரசர் அகிஷினோ மணந்தார். மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள். குதிரை யாரையும் விழுங்கவில்லை. மறுபடியும் 2026 அதே நெருப்புக் குதிரை வருஷம். அவ்வருஷத்தில் பிறக்கும் பெண்ணைப் பார்த்து, வருஷத்தின் பெயரைச் சொல்லி ஒருவனாவது முகம் சுளித்தால், அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகமாகும்.

இனி வியாபாரியின் கேள்விக்குப் பதில் சொல்லுகிறேன். ஜப்பான்காரன் முட்டாளா? இல்லை. அவன் மூளையில் இரண்டு அறை இருக்கிறது. ஓர் அறையில் கணக்கும் சோதனையும் இருக்கின்றன. அங்கிருந்து ரயில் வந்தது. மற்ற அறையில் பூனையும் குதிரையும் இருக்கின்றன. அங்கிருந்து 1966 வந்தது. நாம் ரயில் அறைக்குள் நுழையாமல், பூனையை மட்டும் இறக்குமதி செய்தால் முட்டாள் யார்?

அந்த ரயில் அறையைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் புகுஸாவா யுகிச்சி. 1835-ல் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது பிரபுவின் பெயர் எழுதிய காகிதத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டதற்கு அண்ணன் அவரைத் திட்டினாராம். "பெயரை மிதித்ததற்கே இவ்வளவா? சாமிச் சீட்டை மிதித்தால் என்ன ஆகும், பார்ப்போம்" என்று நினைத்து, யாரும் அறியாமல் மந்திரச் சீட்டை மிதித்துப் பார்த்தார், கக்கூசுக்குக்கூடக் கொண்டுபோனார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வீட்டு இனாரி கோயிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தார். ஒரு கல் இருந்தது. அதை எறிந்துவிட்டுத் தெருக்கல் ஒன்றை வைத்தார். திருவிழா வந்தது, கொடி கட்டி, மேளம் கொட்டி, மது படைத்து அந்தத் தெருக்கல்லைக் கும்பிட்டார்கள். பையன் சிரித்துக்கொண்டிருந்தான். இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாமி அவரைத் தண்டித்ததா? பள்ளிக்கூடம் வைத்தார், நூல்கள் எழுதினார், தேசத்துக்கே ஆசிரியரானார். 1984 முதல் 2024 வரை ஜப்பானின் 10,000 யென் நோட்டில் அச்சடித்தது அவர் படத்தைத்தான். பணத்தைக் கூப்பிடும் பூனையின் படத்தையல்ல!

தோழர்களே! பொம்மையை உடைக்கச் சொல்லி நான் வரவில்லை. பூனைப் பொம்மை அழகாயிருந்தால் குழந்தைக்குக் கொடுங்கள்; அது விளையாடட்டும். ஆனால் அந்தப் பொம்மையைக் கண்டு நீங்கள் விளையாட்டுப் பிள்ளைகளாகிவிடாதீர்கள். பணப்பையில் தவளையை வைக்கிற அதே புத்திதான், இடம் கொடுத்தால் வளர்ந்து, பிறக்கப்போகும் பெண்ணின் கழுத்தில் கை வைக்கிறது. மூலத்தில் பிறந்தவள் என்றும் செவ்வாய் தோஷக்காரி என்றும் சொல்லி நம் தங்கைமாரை வீட்டில் உட்கார்த்தி வைத்திருக்கிற நாம், நெருப்புக் குதிரையைப் பார்த்து மட்டும் சிரித்துவிட்டுப் போனால், நான் பேசியதும் நீங்கள் கேட்டதும் வீண்.

ஆகையால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டில் பெண் பேச வரும்போது, ஜாதகத்தைப் புரட்டுவதற்கு முன்னால், புகுஸாவா என்ற அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.